சோளகத்தில் பெரியம்மா கேட்ட நான்கு பாட்டுகள்



இந்தத் தொடரில் கவிதையைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் பேசிவந்தோம். இன்று பொப் பாட்டுகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதில் எனக்குக் குறையில்லை. இருபது வருடங்களுக்கு முன் நானும் அப்படிச் சுளித்தவன்தான். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கிற ஆசிரியன் இலக்கிய நிகழ்ச்சியிலே வந்து துள்ளிசைக்கு வக்காலத்து வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அதற்கான காரணத்தைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். அந்தக் காரணம் எனக்கு நூலகத்திற் கிடைக்கவில்லை. நெடுந்தீவிலே என் பெரியம்மாவின் வீட்டுத் திண்ணையிற் கிடைத்தது.

கடந்த சோளகக் காலம். பாடசாலைக்கு ஆவணி விடுமுறை விட்டிருந்தார்கள். பெரியம்மாவைப் பார்த்து வருவோமென்று குறிகட்டுவானுக்குப் போனேன். தெற்கிலிருந்து பஸ்களில் வந்திறங்கிய யாத்திரிகர்கள் நயினாதீவு நாகதீப விகாரைக்குப் போகும் படகுக்காக வரிசையில் நின்றார்கள். அவர்களுள் இளைஞர் சிலர் றபானைத் தட்டிப் பைலாப் பாடினார்கள். அடுத்த வரிசையில் நாகபூசணி அம்மனுக்கு அர்ச்சனைத் தட்டோடு நின்ற நம்மவர் பிள்ளைகள் சிலரின் கால்களும் அந்தத் தாளத்துக்கு அசைவதைக் கண்டேன். நயினாதீவு கிட்டத்தில் இருக்கிறது. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் போகவேண்டும். சோளகத்தில் அந்த ஒரு மணி நேரமும் படகு எழும்பி எழும்பி விழும். அந்தப் பைலாத் தாளம் என் தலைக்குள் நின்றுகொண்டே இருந்தது.

பெரியம்மா எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். முருகைக்கல் மதிலுக்குள் தனியே இருக்கிறார். இரண்டு வீடு தள்ளி மகள் குடும்பம். பகலில் றான்சிஸ்ரர் வானொலி அவருக்குத் துணை. பின்னேரத்தில் பேரன் கைத்தொலைபேசியோடு வந்து பக்கத்தில் இருப்பான். அன்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்டேன். "பெரியம்மா, இந்தச் சோளகத்துக்கு நீங்கள் விரும்பிக் கேட்ட பாட்டுகள் எவை?"

தேவாரம் சொல்வார், அல்லது பழைய சினிமாப் பாட்டுச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலை மடக்கி நான்கு பாட்டைச் சொன்னார். "கள்ளுக்கடைப் பக்கம் போகாதே. சின்ன மாமியே. சுராங்கனி. பிறகு இவன் ரெலிபோனிலை போடுறானே, அந்த எஞ்சாமிப் பாட்டு."

நான்கும் பொப். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன். அவர் முதலாவதாகச் சொன்ன பாட்டையும் கடைசிக்கென்று வைத்திருக்கிறேன். முதலில் இந்தப் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம்.

பொப் என்பது ஜனரஞ்சகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் தலைத்துண்டு. நம்மவர் அதற்கு இசையைச் சேர்த்துப் பொப்பிசை என்றார்கள். துள்ளிசை என்று தமிழாக்கியவர்களும் உண்டு. இதையும் மெல்லிசையையும் ஒன்றென்று எண்ணக்கூடாது. ஈழத்து மெல்லிசைப் பாடல் கவிஞரின் வரியை மதித்து, கர்நாடக இராகச் சாயலோடு, இலங்கை வானொலிக் கலையகத்தில் அடக்கமாகப் பாடப்படுவது. பொப் பாட்டு மேடையில் கிற்றாரோடு நிற்பது. கேட்பவனை எழுந்து ஆடச்சொல்வது.

இரண்டுக்கும் தாய்வீடு வானொலிதான். 1949 இல் றேடியோ சிலோன் என்று பெயர்பெற்று, 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான அந்த நிலையத்தின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாட்டவரும் காத்திருந்து கேட்டார்கள். ஆனால் அதிலே பெரும்பாலும் ஒலித்தவை சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டுகள். சென்னைப் பாட்டைச் சென்னைக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று சொன்னாலும் பிழையில்லை. அந்தப் பாட்டுகளில் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி பேசுகிற மாதிரி ஒரு சொல்லும் இராது.

அந்த நிலையில் 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் என்ற இளைஞர் கிற்றாரோடு வந்தார். அவர் பாடிய 'சின்ன மாமியே' பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. அதன் விஷயம் என்ன? மாமியாரிடம் மகளைப் பற்றி ஒருவன் குறும்பாக விசாரிக்கிறான். அவ்வளவுதான். மச்சானும் மச்சாளும் மாமியும் நம் நாட்டார் பாடல்களில் என்றைக்கும் இருந்தவர்கள். அரிவு வெட்டும் வயலிலும் சூடுமிதிக்கும் களத்திலும் கேட்ட அதே கேலி, மின்சார ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றது. புதுமை இரண்டு. ஒன்று தாளம். மற்றது, பாட்டில் வந்த தமிழ் நம் வீட்டுத் தமிழாக இருந்தது.

இந்த இரண்டாவது புதுமை சாதாரணமானதன்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் என்று ஒரு பெரிய வாதம் நடந்ததை இந்தத் தொடரைக் கேட்பவர்கள் அறிவீர்கள். கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்கள் உழைக்கும் மக்களின் பேச்சுத் தமிழைக் கதைகளில் எழுதினார்கள். அது இழிசினர் வழக்கு, இலக்கியத்துக்கு ஆகாது என்று பண்டிதர் பக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுத்தாளர் பக்கம் நின்று வாதாடினார்கள். அந்த வாதத்தை நாம் பல்கலைக்கழகத்திற் படித்தோம், பரீட்சைக்கு எழுதினோம். அதற்குச் சில வருடங்களின் பின்னர், அந்த வாதத்தைப் பற்றி ஒன்றுமே அறியாத ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் பேச்சுத் தமிழை வாய்விட்டுப் பாடத் தொடங்கியதை மாத்திரம் நாம் கணக்கில் எடுக்கவில்லை. கட்டுரையில் வாதாடிப் பெற்ற உரிமையைப் பாட்டுக்காரர் கேளாமலே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது 'சுராங்கனி'. இதைப் பாடிப் புகழ்பெற்றவர் ஏ. ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று இங்கேயும், சிலோன் மனோகர் என்று தமிழ்நாட்டிலும் பெயரெடுத்தவர். 2018 ஜனவரி 22 ஆம் திகதி சென்னையிற் காலமானார். மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணைச் சிங்களத்தில் அழைத்து, பிறகு தமிழிலும் தொடர்கிற பாட்டு அது. 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில் இளையராஜாவும் இந்தப் பாட்டை எடுத்தாண்டார். இலங்கையிலிருந்து ஒரு மெட்டுச் சென்னைச் சினிமாவுக்குள் போனது அந்த நாளில் அருமையான செய்தி. பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. "மாளு எண்டால் மீன். அது காணுமே" என்றார். மீன்பிடித் தீவில் வாழ்பவருக்கு அது காணும்தான்.

இந்தப் பாட்டின் தாளம் பைலா. பைலா என்ற சொல் ஆடுவது என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லடியிற் பிறந்தது. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் இலங்கைக் கரையில் இறங்கிய ஆட்டப்பாட்டு மரபு, புத்தளத்துக் காப்பிரி மக்களிடமும் மட்டக்களப்புப் பறங்கியரிடமும் தங்கியிருந்தது. பின்பு வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரப் பாடகர் அதைச் சிங்களத்தில் மேடையேற்றிப் பிரபலமாக்கினார். கொழும்பிலிருந்துதான் அது நம் பொப் பாடகர்களிடம் வந்தது.

தீவகத்தார் இதைக் கேட்டு அந்நியம் என்று சொல்ல நியாயமில்லை. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் காய்ட்ஸ் என்கிறோமே, அது கப்பல் கட்டும் துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தவர்கள் போர்த்துக்கேயர். நாற்பது வருடம் ஆண்டவர்கள் நம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனவற்றைப் பாருங்கள். மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, சன்னல், துவாய், சப்பாத்து, பாண். இவையெல்லாம் போர்த்துக்கேயச் சொற்களே. கதிரையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டு, பைலாத் தாளம் மட்டும் நமக்கு ஆகாது என்பது எப்படிப் பொருந்தும்? கள்ளுக்கடையை நாம் தவறணை என்கிறோம். அதுவும் அவர்கள் தந்த சொல்தான். இந்தத் தவறணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளத்தை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். தகிட தகிட என்று மும்மூன்றாக எண்ணிப் பாருங்கள். ஆறு எண்ணிக்கைக்குள் இரண்டு தட்டு விழும். மேல்நாட்டார் இதை ஆறு எட்டு என்று எழுதுவார்கள். நம்மவர் திஸ்ர நடை என்பார்கள். காவடிச்சிந்துக்குக் காவடியோடு ஆடுகிறவனின் கால் இதே மும்மூன்றில்தான் விழுகிறது. ஆகவே பைலா வந்தபோது நம் காதுக்குப் புதிதாக இருந்தது வாத்தியம்தான். நடை முன்பே பழகிய நடை. குறிகட்டுவானில் அம்மனுக்குப் போக நின்ற பிள்ளைகளின் கால்கள் அசைந்ததற்கும் காரணம் இதுதான்.

வெளியுலகத்தின் பங்கையும் மறைக்கக்கூடாது. கரீபியன் தீவான திரினிடாட்டில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழியினர் பாடிய பாட்டு கலிப்சோ. எசமானையும் அரசாங்கத்தையும் நேரே திட்ட முடியாதவர்கள் கேலியாகப் பாடித் திட்டினார்கள். 1956 இல் ஹரி பெலபொன்ரேயின் 'கலிப்சோ' இசைத்தட்டு உலகமெங்கும் விற்றது. கொழும்பிலும் கலிப்சோக் குழுக்கள் எழுந்தன. 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவினர் சிங்களப் பொப் இசைக்கு வழிதிறந்தார்கள். நம் இளைஞர்கள் இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, ஈழத்து நாவல்களுக்கு வாசகர் பெருகினார்கள். நம்முடையது என்று ஒன்றைத் தேடிய அந்தக் காலத்து மனநிலை பொப் பாடகர்களுக்கும் கைகொடுத்தது என்றே நினைக்கிறேன். இலக்கியமும் பொப்பும் சந்தித்த இடமும் ஒன்றுண்டு. நெடுந்தீவைக் களமாகக் கொண்டு செங்கை ஆழியான் எழுதிய 'வாடைக்காற்று' நாவல் 1978 இல் திரைப்படமானபோது, அதில் நடித்தவர்களுள் ஏ. ஈ. மனோகரனும் ஒருவர். அந்த நாவலைப் பற்றி நாம் எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறோம். அந்தப் பாடகரைப் பற்றி ஒன்றும் படிக்கவில்லை.

பிறகு அந்தத் துள்ளல் அடங்கிப்போயிற்று. 1983 வந்தது. பாடகர்கள் கடல்கடந்தார்கள். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். நெடுந்தீவுக்கு இன்னொரு நாளும் உண்டு. 1985 மே 15 ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணஞ்செய்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். அந்த வருடம் தீவிலே பாட்டுக் கேட்கிற மனம் ஒருவருக்கும் இருக்கவில்லை என்று பெரியம்மா சொல்வார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

1990களில் பெரியம்மாவும் பெரியப்பாவும் இடம்பெயர்ந்து வந்து எங்கள் வீட்டில் சில வருடங்கள் இருந்தார்கள். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். வானொலிக்குப் போடும் பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்டோம். இதை இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். பெடல் சுற்றுகிற வேலை சிறுவனான என்னுடையது. கை தளர்ந்தால் சத்தம் குறையும். வேகமாகச் சுற்றினாற் கூடும். செய்திக்கு எல்லோரும் வந்து குந்துவார்கள். எப்போதாவது பழைய பொப் பாட்டுப் போகும். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' போகிற வேளையில் பெரியம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பார்: "தம்பி, இன்னும் கொஞ்சம் வேகமாச் சுத்தடா."

தாளம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். கை நோகச் சுற்றினேன்.

இனி நான்காவது பாட்டுக்கு வருகிறேன். பேரன் கைத்தொலைபேசியில் போட்டது 'என்ஜாய் எஞ்சாமி'. தீ என்ற பாடகியும் அறிவு என்ற பாடகரும் பாடி, சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வெளிவந்த தனிப்பாட்டு. சினிமாவைச் சேராமல் உலகமெங்கும் போன தமிழ்ப் பாட்டு. அதன் வேரும் இலங்கையில் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தவர். 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கடதாசியில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். தோட்டத்தை உண்டாக்கியவர்கள் நிலமில்லாமல் கப்பலேறிய துயரம் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கேட்கிறவர் ஆடுகிறார்.

பெரியம்மாவுக்கு இந்தச் சரித்திரம் ஒன்றும் தெரியாது. பேரனுக்கும் தெரியாது. "ஏன் பெரியம்மா இந்தப் பாட்டுப் பிடிச்சது?" என்று கேட்டேன். "அது ஒப்பாரியெல்லோ. துள்ளித் துள்ளி ஒப்பாரி வைக்கினம்" என்றார்.

அந்தப் பாட்டிலே ஒப்பாரியின் சாயல் இருப்பது உண்மை. பத்திரிகை படியாதவர், பாட்டின் வரலாறு அறியாதவர், காதினாலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். அப்போது, நான் வகுப்பிலே பல வருடம் சொல்லிவந்த கண்டனத்தை அவரிடமும் சொன்னேன். "அதுதான் பெரியம்மா எனக்குப் பிடிக்காதது. சோகமான விஷயத்துக்குத் துள்ளுகிற மெட்டுப் போடலாமோ? நீங்கள் சொன்ன கள்ளுக்கடைப் பாட்டும் அப்படித்தான். குடிக்கப் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டு. கேட்கிறவன் குடித்துவிட்டு ஆடுகிற மாதிரி மெட்டு. பொருளும் ஓசையும் பொருந்தவில்லையே."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "அழுதுகொண்டு சொன்னால் அந்த மனிசன் கேக்குமே?" என்றார்.

நேயர்களே, அந்த மனிசன் என் பெரியப்பா. நல்ல மனிதர். தீவிலே தமிழ் தெரிந்தவர் என்று பெயர். திருக்குறளில் கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். அந்தப் பத்துக் குறளும் அவருக்குப் பாடம். சொல்லிக்கொண்டே தவறணைக்குப் போவார். நெடுந்தீவிலே பனைக்குக் குறைவில்லை. பாளை சீவுகிற காலம் வந்தால் உழைப்பெல்லாம் அங்கே போய்விடும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிறுவனாகிய எனக்குத்தான் தெரியாது. பெரியம்மா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்பதும் ஊருக்குத் தெரியும்.

"அந்தப் பாட்டு றேடியோவிலை வந்தால் நான் சத்தத்தைக் கூட்டிவிடுவன்" என்றார் பெரியம்மா. "நான் சொல்லேலாததை அந்தப் பெடியன் சொன்னான். பாட்டுப் பாடினால் ஆருக்குக் கோவம் வரும்? அவரும் சிரிச்சுக்கொண்டுதான் கேப்பார். சில நாளிலை படலை மட்டும் போயிட்டுத் திரும்பி வருவார். சில நாளிலை பாட்டையும் முணுமுணுத்துக்கொண்டே போயிடுவார்."

பாட்டுப் பெரியப்பாவைத் திருத்தவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அவர் கடைசிவரை குடித்தார். குடியினாலேயே இறந்தார். ஆனால் அவர் படலையிலிருந்து திரும்பி வந்த சில நாட்களைப் பெரியம்மா இன்றைக்கும் எண்ணி வைத்திருக்கிறார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லவந்த தொல்காப்பியர் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்ததாகவும் வைத்தார். நான் இதைப் பட்டியலாகவே படித்தேன், பட்டியலாகவே படிப்பித்தேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, ஒன்றின் கதவால் மற்றதற்குள் போகலாம் என்று எனக்குச் சொன்னவர் பெரியம்மாதான். கலிப்சோக்காரனுக்கும் அது தெரிந்திருந்தது. அறிவுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அகப்பாடல்களில் தலைவி தானாக வாய்திறந்து தலைவனைக் கண்டிப்பது குறைவு. அவளுக்காகத் தோழி பேசுவாள். இடித்துரைப்பாள், கேலி செய்வாள், சில வேளை கெஞ்சுவாள். தோழி கூற்று என்று துறை வகுத்து அதை நாம் இலக்கியமாகப் போற்றுகிறோம். நெடுந்தீவின் ஒரு முருகைக்கல் வீட்டில் அகப்பட்டுக்கொண்ட பெண்ணுக்குத் தோழி எங்கே? வானொலிப் பெட்டி தோழியாயிற்று. வள்ளுவர் பத்துக் குறளில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதை, இந்தப் பாட்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஒரு மனிதனுக்குச் சொன்னது. அது குறளைவிடச் சிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. குறள் போகமுடியாத ஒரு குசினிக்குள் அது போயிற்று என்கிறேன்.

இனி, நான் முகம் சுளித்த கதையைச் சொல்லவேண்டும். ஆசிரியனாகப் போன புதிதில், 'எனக்குப் பிடித்த பாடல்' என்று மாணவர்களுக்குக் கட்டுரை கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் பாரதியை எழுதினார்கள். தீவுப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு பையன் இதே கள்ளுக்கடைப் பாட்டை எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவால் தலைப்பின் குறுக்கே கோடு போட்டு, 'இது இலக்கியமன்று' என்று எழுதினேன். அவன் கட்டுரையில் ஒரு வசனம் இருந்தது. "இந்தப் பாட்டுப் போனால் அம்மா றேடியோவின் சத்தத்தைக் கூட்டுவா." நான் அந்தக் 'கூட்டுவா'வை வெட்டிக் 'கூட்டுவார்' என்று திருத்தினேன். பேச்சு வழக்கைக் கட்டுரையில் எழுதக்கூடாது என்று பக்கத்தில் குறிப்பும் வைத்தேன்.

மரபுப் போராட்டத்தைப் பரீட்சைக்கு எழுதிச் சித்தி பெற்றவன் செய்த வேலை இது. வசனத்தைத் திருத்தினேன். வசனம் சொன்னதை வாசிக்கவில்லை. ஒரு பிள்ளை தன் வீட்டில் நடப்பதை, சொல்லக்கூடிய ஒரே வழியில், தன் ஆசிரியனுக்குச் சொல்லியிருக்கிறான். நான் எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறைத்துக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் பிறகு அப்படி ஒன்றும் எழுதவில்லை. பாரதியை எழுதினான். நல்ல புள்ளி போட்டேன்.

அந்தப் பையன் இன்று எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்த நிகழ்ச்சியைக் கேட்டாலோ, பத்திரிகையிற் படித்தாலோ, அவனுக்கு நான் சொல்லவிரும்புவது இதுதான்: தம்பி, உன் வசனத்தில் பிழை இருக்கவில்லை.

பொப் பாட்டெல்லாம் உயர்ந்தவை என்பது என் வாதமன்று. வெறும் சத்தமாக வந்து அடுத்த பருவத்தில் மறைந்தவையே அதிகம். கவிதையிலும் அப்படித்தானே. ஆனால் ஒரு பாட்டு இலக்கியமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுமுன், அதைக் கேட்டவர் அதைக்கொண்டு என்ன செய்தார் என்றும் விசாரிக்க வேண்டும். தாளம் எங்கிருந்து வந்தது, சொல் எங்கிருந்து வந்தது என்பதை நாம் புத்தகத்திலே தேடி எடுத்துவிடலாம். சத்தத்தை ஏன் கூட்டினார்கள் என்பதைக் கேட்டவரிடம்தான் கேட்கவேண்டும். அந்த ஆட்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது.

மறுநாட் காலை படகுக்கு வெளிக்கிட்டேன். பெரியம்மா ஒடியல்மாப் பொட்டலத்தைப் பையில் வைத்துவிட்டு, "நீ அந்த நேரம் நல்லாச் சுத்தினாய் தம்பி" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. படலையைத் தாண்டிய பிறகுதான், சைக்கிள் பெடலைச் சொல்கிறார் என்பது விளங்கிற்று. திரும்பிப் பார்த்தேன். திண்ணையில் வானொலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார். கடந்த பருவத்தில் அவர் விரும்பிக் கேட்ட பாட்டு எதுவென்று கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல் எழுதி இந்த நிகழ்ச்சிக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் நாட்டார் பாடலில் வரும் கேலியைப் பற்றிப் பேசுவோம். அதுவரை, வணக்கம்.